எருசலேமின் திருக்கல்லறை ஆலயமும் பேரரசர்களும்

கிறிஸ்து பெருமானின் வரலாற்றோடு இயைந்த திருத்தலங்களுள் எருசலேம் மாநகரிலுள்ள திருக்கல்லறை ஆலயமே தலைமை பெற்றது என்பதனை யாவரும் ஒப்புவர். அவர் சிலுவையில் அறையுண்ட கல்வாரிப் பாறையும், அதற்கு அணித்தே அவரை அடக்கஞ்செய்ததாகக் கருதப்படும் குகையும் இன்று ஒரே ஆலயத்தினுள் அமைந்துள்ளன. பதினேழு நூற்றாண்டுகளாக எண்ணிறந்த யாத்திரிகர் கால்நடையாகவும் கப்பலேறியும் இவ்விடத்தை நாடி வந்திருக்கின்றனர். யாத்திரிகர் மட்டுமல்லர்; பேரரசரும் இதனை நாடினர். ஒருவன் கட்டினான், ஒருவன் இடித்தான், ஒருவன் மீட்டுக் கட்டினான், ஒருவன் இங்கேயே முடி சூடினான். இவ்வாலயத்தின் சரித்திரத்தை உற்று நோக்குவார்க்கு ஒரு வினா எழாமற்போகாது. அரசனுடைய ஆதரவு ஒரு திருத்தலத்துக்கு அரணாகின்றதா, அன்றி அதுவே ஆபத்தாகின்றதா? இவ்வினாவுக்குச் சரித்திரம் தரும் விடையை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

இத்தலத்தின்மேல் முதன்முதலாகப் பட்ட பேரரசின் கை, அதனைப் போற்றும் கையன்று; மூடி மறைத்த கையே. கி. பி. 70-ம் ஆண்டில் உரோமச் சேனை எருசலேமை அழித்தது. இரண்டாம் நூற்றாண்டில் ஆதிரியன் என்னும் உரோமச் சக்கரவர்த்தி அப்பாழிடத்தில் ஏலியா காப்பித்தோலினா என்னும் பெயரால் ஒரு புதிய நகரத்தை நிறுவினான். அக்காலத்தே, கல்லறை இருந்ததாகக் கிறிஸ்தவர் நினைவிற் கொண்டிருந்த இடத்தில் மண் நிரப்பித் தளமிட்டு, அதன்மீது வீனஸ் தேவதைக்கு ஒரு கோயில் எடுக்கப்பட்டது. மறைத்த அக்கோயிலே பின்னாளில் இடத்தைக் காட்டும் அடையாளமாகவும் ஆயிற்று. இப்பகுதி முற்காலத்தில் கல்வெட்டியெடுக்கும் குழியாயிருந்தது என்றும், இயேசு பெருமான் காலத்தில் நகர மதிலுக்குப் புறத்தே இருந்தது என்றும், அக்காலத்து யூதர் பாறையிற் குடைந்த கல்லறைகள் இங்கு உள்ளன என்றும் அகழ்வாராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆகவே ஆதிக் கிறிஸ்தவர் கொண்டிருந்த நினைவு ஆதாரமற்றதன்று.

கி. பி. 324-ம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் தன் பகைவனான லிசினியுவை வென்று, உரோமப் பேரரசு முழுவதுக்கும் ஏகாதிபதியானான். மறு ஆண்டில் அவன் கூட்டிய நிசேயா மகாசங்கத்திற்கு எருசலேமின் அத்தியட்சரான மக்காரியு என்பவரும் சென்றிருந்தார். அதனையடுத்து, வீனஸ் கோயிலை இடிக்கவும், அதன் கீழுள்ள மண்ணையும் அகழ்ந்தெறியவும் அரசாணை பிறந்தது. அகழ்ந்தபோது பாறையிற் குடைந்த ஒரு குகை வெளிப்பட்டது என்று அக்காலத்துச் சரித்திராசிரியராகிய யூசேபியு எழுதி வைத்துள்ளார். உலகிலுள்ள ஆலயங்களெல்லாவற்றிலும் சிறந்ததோர் ஆலயத்தை அவ்விடத்தில் எழுப்பவேண்டுமென்று சக்கரவர்த்தி மக்காரியுவுக்கு எழுதிய நிருபத்தையும் அவர் தமது நூலில் சேர்த்துள்ளார். தூண்களும் சலவைக்கற்களும் எவ்வகையின என்பதையும், மேற்கூரைக்குப் பொன் பூசலாமா என்பதையும் அந்நிருபத்தில் அரசன் வினவியிருக்கின்றான். கி. பி. 335-ம் ஆண்டில் அத்தியட்சர் பலர் கூடி ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தனர். கிழக்கே பெருவீதியை நோக்கிய வாயில், அடுத்து நீண்ட பெருமண்டபம், அதன்பின் கல்வாரிப் பாறையை ஒரு மூலையிற் கொண்ட திறந்த முற்றம், மேற்கே கல்லறையைச் சூழ்ந்து எழுந்த வட்டக் கோபுரம் என்று அவ்வாலயம் அமைந்திருந்தது.

இதனால் திருத்தலம் பெற்ற நன்மை பெரிது. அரசன் பெற்றதும் சிறிதன்று. போரினால் ஆட்சியைப் பற்றிய ஒருவனுக்கு, தன் வெற்றி இறைவனால் அருளப்பட்டது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? அவன் அரசாட்சியின் முப்பதாம் ஆண்டு விழாவும் ஆலயத்தின் பிரதிஷ்டையும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை இங்கே கருதத்தக்கது. அவன் தாயாராகிய ஹெலேனா அம்மையார் முதிர்ந்த வயதிலும் இந்நாட்டுக்கு யாத்திரை வந்தார். அவரே உண்மைச் சிலுவையைக் கண்டெடுத்தார் என்னும் வரலாறு நாலாம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கலாயிற்று. அவர் யாத்திரையை விரித்துரைக்கும் யூசேபியு அதைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அரச குடும்பமும் திருத்தலமும் மக்கள் மனத்தில் எவ்வளவு நெருங்கிப் பிணைந்துவிட்டன என்பதற்கு இவ்வரலாறே தக்க சாட்சி.

அப்பிணைப்பின் மறுபுறம் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின் வெளிப்பட்டது. கி. பி. 614-ம் ஆண்டில் பாரசீக மன்னன் இரண்டாம் குஸ்ருவின் சேனை எருசலேமைப் பிடித்தது. ஆலயம் தீக்கிரையாயிற்று. எருசலேமின் முற்பிதாவாகிய சகரியாவும், சிலுவைச் சின்னமும் சிறையாகக் கொண்டு போகப்பட்டனர். அச்சின்னம் உரோமப் பேரரசின் வெற்றிக்கு அடையாளமாக எண்ணப்பட்டமையால், அதைக் கவர்வது பேரரசையே சிறைசெய்வதாகப் பகைவனுக்குத் தோன்றியிருத்தல் வேண்டும். எரிந்த ஆலயத்தை அந்நாளிற் செப்பனிட்டவன் எந்தச் சக்கரவர்த்தியுமல்லன். மொடெஸ்டு என்னும் மடாலயத் தலைவரே அப்பணியை மேற்கொண்டார். அவர் ஆர்மீனியத் திருச்சபைத் தலைவருக்கு உதவி வேண்டி எழுதிய கடிதம் இன்றும் நமக்குக் கிடைத்துள்ளது. அலெக்சாந்திரியா நகரத்து முற்பிதாவாகிய யோவான் என்பவரும் பொருளுதவி அனுப்பினார்.

பின்னர் ஹெராக்ளியு சக்கரவர்த்தி பாரசீகரை முறியடித்து, கி. பி. 630-ம் ஆண்டில் சிலுவையைத் தானே எருசலேமுக்குக் கொண்டுவந்தான். அரச உடையோடு சென்ற அவனுக்கு நகரவாயில் அடைபட்டுப் போயிற்று என்றும், அவன் ஆபரணங்களைக் களைந்து வெறுங்காலோடு நின்றபோதே வழி திறந்தது என்றும் ஒரு கதை பிற்காலத்தில் மேனாடுகளில் வழங்கியது. கதையாயினும் அது சிந்திக்கத்தக்கதே. உண்மையில் அவ்வெற்றி விழாவைத் தொடர்ந்து யூதர்மீது கொடுமைகள் இழைக்கப்பட்டன. வெற்றியும் நீடிக்கவில்லை. பத்தாண்டுகள் நிறைவதற்குள்ளாகவே எருசலேம் அராபியர் கையிற் சேர்ந்தது.

நகரத்தை ஒப்புக்கொடுத்தவர் சொப்ரோனியு என்னும் முற்பிதா. ஏற்றுக்கொண்டவர் கலீபா உமர். இவ்விருவரைப்பற்றி ஒரு செய்தியைப் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ சரித்திராசிரியராகிய யூட்டீக்கியு கூறுகின்றார். தொழுகை வேளை வந்தபோது, ஆலயத்தினுள்ளேயே தொழலாமென்று முற்பிதா கூற, உமர் அதற்கு இசையாது வெளியே படிக்கட்டில் தொழுதாராம். தாம் உள்ளே தொழுதால், உமர் தொழுத இடம் இது என்று சொல்லித் தம் மதத்தினர் பின்னாளில் ஆலயத்தைக் கைப்பற்றுவர் என்பதே அவர் காட்டிய காரணமாம். தம் பெயரை அவ்விடத்தோடு பிணைக்காது விலகி நின்றமையே அவர் அவ்விடத்துக்குச் செய்த நன்மை என்பது இச்செய்தியின் கருத்து. இது நிகழ்ந்தவாறே உரைக்கப்பட்டதாயினும் ஆகுக, பிற்காலத்தார் வடித்ததாயினும் ஆகுக. எருசலேமின் கிறிஸ்தவர் எதனைப் பாதுகாவலாகக் கருதினர் என்பது இதனால் விளங்குகின்றது.

இனி மேற்குத் திசையை நோக்குவோம். பிராங்கு மன்னனாகிய சார்லிமேன் எருசலேமைக் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் கி. பி. 800-ம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளில் உரோமில் அவனுக்குச் சக்கரவர்த்தி முடி சூட்டப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன், எருசலேமின் முற்பிதா அனுப்பிய துறவிகள் கல்லறையின் திறவுகோல்களையும் ஒரு கொடியையும் அவனிடம் கொண்டுவந்து சேர்த்தனர். பாக்தாதில் அரசாண்ட கலீபா ஹாரூன் அல் ரஷீத் திருக்கல்லறையையே அவன் வசம் ஒப்புவித்தார் என்று அவன் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்டு கூறுவார். அது மரியாதைக்குரிய காணிக்கையேயன்றி ஆட்சியுரிமையன்று என்பதே இக்காலத்து ஆராய்ச்சியாளரிற் பலர் கொள்கை. ஆயினும் சார்லிமேன் எருசலேமுக்குச் செய்த உதவி பொய்யன்று. அங்குள்ள ஆலயங்களையும் துறவியரையும் கணக்கெடுத்த ஏடு ஒன்று பாசெல் நகரில் உள்ளது. ஏறக்குறைய கி. பி. 870-ம் ஆண்டில் அங்குச் சென்ற பெர்னார்டு என்னும் துறவி, சார்லிமேன் பெயரால் விளங்கிய யாத்திரிகர் விடுதியில் தங்கினார். படையோடு வாராத அரசன் தருமம் செய்தான். ஆலயத்துக்கும் அவனால் தீங்கு நேரவில்லை.

படையோடு வரும் அரசன் பெயர் அங்கே ஒலித்தபோது நிலைமை வேறாயிற்று. பத்தாம் நூற்றாண்டில் கிரேக்கச் சக்கரவர்த்தி நிக்கபோரு சிலிசியாவையும் சைப்பிரசுத் தீவையும் முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றினான். அக்காலத்தே, கி. பி. 966-ம் ஆண்டில், எருசலேமில் ஒரு கலகம் மூண்டது. நகரத்து ஆளுநன் முற்பிதாவிடம் பொருள் கேட்டு நெருக்கியதும் அதற்கு ஒரு காரணம். ஆலயத்தின் கதவுகளும் கூரையும் எரிந்தன. முற்பிதா யோவான் கொல்லப்பட்டார். தூரத்துப் போர்க்களத்தில் வென்றவன் சக்கரவர்த்தி. அவ்வெற்றிக்கு விலை கொடுத்தவர் எருசலேமின் கிறிஸ்தவர்.

இதனினும் கொடியது கி. பி. 1009-ம் ஆண்டில் நேர்ந்தது. எகிப்தை ஆண்ட பாத்திம வமிசத்துக் கலீபா அல் ஹாக்கிம், ஆலயத்தை அடியோடு இடிக்கும்படி ஆணையிட்டான். ஏவலர் பெருமண்டபத்தைத் தகர்த்ததுமன்றிக் கல்லறைப் பாறையையும் உளியாலும் கடப்பாரையாலும் வெட்டிச் சிதைத்தனர். கான்ஸ்டன்டைனின் பெருமண்டபம் அன்றோடு மறைந்தது; மீண்டும் எழவேயில்லை.

ஆலயத்தின் பெரும்பகுதி மீண்டும் எழுந்ததோ, இரண்டு பேரரசுகள் தம்முட் செய்துகொண்ட உடன்படிக்கையினால். கி. பி. 1027-ம் ஆண்டில், ஹாக்கிமின் மகனாகிய கலீபா அல் ஜாகிருக்கும் கிரேக்கச் சக்கரவர்த்திக்கும் ஓர் இணக்கம் ஏற்பட்டது. கான்ஸ்டாண்டிநோபிள் நகரிலிருந்த மசூதியில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது பாத்திமக் கலீபாவின் பெயர் சொல்லப்படவேண்டும். அதற்கு ஈடாக எருசலேமில் ஆலயத்தைக் கட்ட இடந்தரப்படும் என்பதே அதன் சாரம். பேச்சுவார்த்தை அதன்பின்னும் பல ஆண்டுகள் நீண்டது. முடிவில் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் என்னும் சக்கரவர்த்தியின் பொருளுதவியால் கி. பி. 1048-ம் ஆண்டளவில் வட்டக் கோபுரமும் முற்றமும் சிற்றாலயங்களும் செப்பம் பெற்றன. கி. பி. 1047-ல் அங்குச் சென்ற பாரசீகக் கவிஞராகிய நாசிரி குஸ்ரோ, எண்ணாயிரம் பேர் கூடத்தக்க இடம் என்று அவ்வாலயத்தை வியந்து எழுதியுள்ளார்.

ஒரு நகரத்து மசூதியும் மற்றொரு நகரத்து ஆலயமும் ஒன்றற்கொன்று பிணையாக நின்ற இவ்வேற்பாடு விந்தையானது, ஆனால் உறுதியற்றது. கி. பி. 1055-ல் துருக்கியத் தலைவனாகிய துக்ரில் பாக்தாதைக் கைக்கொண்டான். அவன் தயவை நாடிய கிரேக்க அரசு, கான்ஸ்டாண்டிநோபிள் மசூதியில் பாத்திமக் கலீபாவின் பெயரை நீக்கி, பாக்தாதிலிருந்த அப்பாசியக் கலீபாவின் பெயரைச் சொல்லுவித்தது. செய்தி எகிப்தை எட்டியதும், திருக்கல்லறை ஆலயத்துப் பொருள்களைப் பறிமுதல் செய்யும்படி கலீபா அல் முஸ்தன்சிர் கட்டளையிட்டான். எருசலேமில் விளக்கேற்றித் துதிபாடிக்கொண்டிருந்த குருமார் இதில் செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. அரசர் இருவரின் பகைக்கு ஆலயம் ஈடுவைத்த பொருளாயிற்று என்பதே உண்மை.

கி. பி. 1099-ம் ஆண்டு ஜூலை மாதம் 15-ம் நாள் மேனாட்டுச் சிலுவைப்போர் வீரர் நகரத்தைப் பிடித்தனர். முஸ்லிம்களும் யூதரும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்ட அந்நாளிலேயே, வென்றவர் கல்லறைக்குச் சென்று ஸ்தோத்திரஞ் செலுத்தினர். முதல் தலைவனாகிய காட்பிரே, இரட்சகர் முள்முடி தரித்த நகரத்தில் பொன்முடி சூடமாட்டேன் என்று மறுத்ததாகச் சொல்லப்படுகின்றது. அவன் அரசன் என்னும் பெயரை மேற்கொள்ளவில்லை. அவன் தம்பி பால்டுவினுக்கு அவ்வெண்ணமில்லை. கி. பி. 1100-ம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளில் அவன் பெத்லகேம் ஆலயத்தில் முடி சூடினான். கி. பி. 1131-ல் முடிசூட்டு விழா திருக்கல்லறை ஆலயத்திலேயே நடைபெற்றது. கல்வாரியையும் கல்லறையையும் ஒரே கூரையின்கீழ் இணைத்த புதிய கட்டடத்தின் பிரதிஷ்டை கி. பி. 1149-ல் நிகழ்ந்தது. இன்று நாம் காணும் ஆலயம் பெரும்பாலும் அக்காலத்து வேலையே. கல்வாரியின் அடியில் அவ்வரசர்களின் சமாதிகளும் இடம்பெற்றன.

கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்த சக்கரவர்த்தியும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. மானுவேல் கொம்னேனு என்பவன் திருக்கல்லறையைப் பொன்தகட்டால் அணிசெய்தான். பெத்லகேமின் சுவர்களிற் பதிக்கப்பட்ட வண்ணக்கற் சித்திரங்களும் அவன் காலத்தனவே. கி. பி. 1169-ம் ஆண்டைக் குறிக்கும் அங்குள்ள கல்வெட்டு, சக்கரவர்த்தி மானுவேலையும், எருசலேம் அரசன் அமால்ரிக்கையும், பெத்லகேம் அத்தியட்சர் ரால்பையும் ஒருங்கே குறிப்பிடுகின்றது. ஆட்சி ஒருவனுடையது, பெருமை மற்றொருவனுடையது என்பதை அக்கற்கள் இன்றும் கூறிக்கொண்டிருக்கின்றன.

கி. பி. 1187-ல் சலாதீன் எருசலேமை மீட்டான். ஆலயத்தை இடித்துவிட்டால் மேனாட்டார் மீண்டும் வாரார் என்று அவனைச் சூழ்ந்தோரிற் சிலர் ஆலோசனை கூறினர். அவர் போற்றுவது கட்டடத்தையன்று, இடத்தையே என்றும், முன்னாளில் உமரே இதனை விட்டுவைத்தார் என்றும் வேறு சிலர் எடுத்துரைத்தனர். இரண்டாவது ஆலோசனையே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் காட்டிய பொறுமை, அன்று ஆலயத்தைக் காத்தது.

அரசனுக்கும் திருத்தலத்துக்குமுள்ள தொடர்பில் மிகவும் வியக்கத்தக்க காட்சி கி. பி. 1229-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ம் நாள் நிகழ்ந்தது. ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் பிரெடரிக், போர் செய்யாமலே எகிப்துச் சுல்தான் அல் காமிலோடு பேசி, பத்தாண்டுக் கால உடன்படிக்கையினால் எருசலேமைப் பெற்றான். ஆனால் அவன் போப்பாண்டவரால் சபைக்குப் புறம்பாக்கப்பட்டவன். ஆதலால் அவனுக்கு முடிசூட்ட எந்தக் குருவும் முன்வரவில்லை. திருக்கல்லறை ஆலயத்தின் பீடத்திலிருந்த கிரீடத்தை அவன் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். முற்பிதா ஜெரால்டு, திருநகரத்திலேயே வழிபாடு நடைபெறலாகாதென்று தடை விதித்தார். இரத்தம் சிந்தாது நகரத்தைப் பெற்ற அருஞ்செயலும் அரசனுக்கும் சபைக்குமுள்ள பூசலில் மங்கிப்போயிற்று. கி. பி. 1244-ல் குவாரிசமியப் படைஞர் நகரத்தைச் சூறையாடியபோது, குருமாரை ஆலயத்தினுள்ளேயே கொன்று, அரசர் சமாதிகளையும் உடைத்தனர். கல்வாரியின் நிழலில் அழியாது துயிலலாம் என்று எண்ணிய மன்னர்களின் எலும்புகள் சிதறுண்டன.

இத்துணைப் பெரும் பெயர்களெல்லாம் வந்து மறைந்தபின், ஆலயத்தில் நிலைத்தவர் யார்? கிரேக்கர், இலத்தீன் சபையார், ஆர்மீனியர், கோப்தர், சீரியர், எத்தியோப்பியர் என்னும் ஆறு சபைகளின் துறவியரே. அவர் தமக்குள்ளும் பூசலிட்டதுண்டு. அப்பூசலுக்குப் பேரரசுகள் தூபமிட்டதுமுண்டு. கி. பி. 1853-ல் தொடங்கிய கிரிமியாப் போருக்குத் திருத்தலங்களைப் பற்றிய வழக்கும் ஒரு காரணமாயிற்று. எனினும் அதற்கு முந்திய ஆண்டில் துருக்கிய சுல்தான் உறுதிசெய்த பழைய வழக்கத்தின்படியே இன்றும் அவரவர் உரிமை நடந்து வருகின்றது. ஆலயத்தின் திறவுகோலை வைத்திருப்பதும் கதவைத் திறப்பதும் பரம்பரையாக இரண்டு முஸ்லிம் குடும்பத்தாரின் பணியாகும். எந்தச் சபைக்கும் எந்த அரசனுக்கும் உரியதாகாமல் கதவு அயலார் கையிலிருப்பதே, அனைவர்க்கும் அது திறந்திருப்பதற்கு ஒரு காவலாய் உள்ளது.

எனவே நாம் தொடங்கிய வினாவுக்கு விடை ஒருவாறு புலனாகின்றது. அரசர் பொருளின்றி இத்துணைப் பெரிய ஆலயம் எழுந்திராது. அவர்கள் செய்த உதவியை மறுப்பது நன்றியின்மையாகும். ஆனால் ஓர் இடத்தை வழிபடுவது வேறு. அதனைத் தன் சிங்காசனத்துக்குக் காலாக நாட்டிக்கொள்வது வேறு. சிங்காசனம் சாயும்போது காலும் முறியும். திருத்தலத்தைத் தன் வெற்றிக்குச் சான்றாக்கிய ஒவ்வொருவனும் அதனைத் தன் பகைவனுக்கு இலக்காகவும் ஆக்கிவிட்டான். பெயரை விலக்கிக்கொண்டு நன்மை செய்தவராலோ அதற்குத் தீங்கு வந்ததில்லை. இது எருசலேமுக்கு மட்டுமன்று. எந்த நாட்டுக்கும், எந்தச் சமயத்தின் ஆலயத்துக்கும் ஒக்கும்.

கி. பி. 2016-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பழுதுற்ற கல்லறை மண்டபத்தைச் செப்பனிடும் பொருட்டு மேலிருந்த சலவைக்கல்லை வல்லுநர் சில நாட்கள் அகற்றினர். கிரேக்க, இலத்தீன், ஆர்மீனிய சபைகள் மூன்றும் இப்பணிக்கு ஒன்றுகூடி இசைந்தமை முன்னாளில் அரிதான காட்சி. மேற்கல்லின் கீழே உடைந்த பழைய கல்லொன்றும், அதன் கீழே சுண்ணாம்புச் சாந்தும், அதன் கீழே பாறையும் காணப்பட்டன. அச்சாந்தினை ஆராய்ந்ததில் அது கி. பி. 345-ம் ஆண்டளவினது, அதாவது கான்ஸ்டன்டைன் தொடங்கிய திருப்பணியைச் சார்ந்தது எனத் தெரியவந்தது. பொன் பூசலாமா என்று அவன் வினவிய கூரை போயிற்று. தூண்களிற் பெரும்பாலன போயின. கொத்தன் ஒருவன் பாறையின்மீது தடவிய சாந்து மாத்திரம் ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கின்றது.